இருபத்திரண்டு நோன்பு

நசீறாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவள் ஆடுகளுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மிஸ்ஸி, பேரைப் போட்டே எழுதுங்கோ. ஒளிச்சு வச்சுத்தானே அவ்வளவு பாடும் பட்டனான்" என்றாள். அதனால் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன்.

என் பெயர் பெற்றிசியா. மன்னார்த் தீவில் பிறந்து, இருபத்தெட்டு வருஷம் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதாக வேலை பார்த்து, அதில் கடைசி ஆறு வருஷத்தை முசலிக் கரையில் ஸ்கூட்டியில் புழுதி தின்று கழித்தவள். கடிதத் தலைப்பில் எனக்கு நீளமான ஒரு பதவிப்பெயர் உண்டு. ஊர் வாயில் மிஸ்ஸி. எனக்குக் கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டு வரும். மருந்தை எறிந்துவிட்டுக் குடித்தேன் என்று சொன்னாலும் வரும், உள்ளதைப் பாதியாகச் சொன்னாலும் வரும். ஆனால் இந்தக் கதையில் எனக்குக் கூடுதலாகக் கோபம் வருவது என்மேல்தான். அது எந்த இடத்தில் என்று வரும்போது சொல்கிறேன்.

நசீறா அந்தக் கரையில் மறிச்சுக்கட்டி ஊர்க்காரி. தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்துக்கு நடுவில், இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவளுக்கு இருபத்தொரு வயது. அடுத்த மாதம் நிக்காஹ் குறித்திருந்தது. குறித்த நாளில் நிக்காஹ் நடக்கத்தான் செய்தது, ஆனால் புத்தளம் பக்கத்தில் அகதிகள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், இரவல் சாரியோடு. மாப்பிள்ளை றஊப்பும் அதே ஊர், அதே அகதி.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. நிக்காஹுக்கு முந்திய வாரம், ஓதத் தெரிந்த ஒரு பெண் மணப்பெண்ணைத் தனியே கூட்டிவைத்து, பெண்களுக்கான சட்டங்களைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பாள். எப்படிக் குளிப்பது, எந்த நாளில் தொழலாம், எந்த நாளில் கூடாது, விட்டுப்போன நோன்பை எப்படி ஈடு செய்வது என்பதெல்லாம் அந்தப் பாடத்தில் உண்டு. பாடம் சொல்கிற பெண் வேறொரு லொறியில் ஏறி வேறொரு முகாமுக்குப் போய்விட்டாள். நசீறாவுக்கு அவளுடைய உம்மா, மூட்டை முடிச்சுக்கு மேல் இருந்தபடி, அரை நிமிஷத்தில் சொன்னது இவ்வளவுதான்: "ரத்தம் கண்டா தொழுகைப்பாயைத் தொடாத. நிண்டாப்பிறகு குளிச்சிட்டுத் தொழு." உடம்பு ஒழுங்காக இருந்த காலம் முழுக்க, கிட்டத்தட்ட இருபத்தைந்து வருஷம், அந்தப் பாடம் அவளுக்குப் போதுமாக இருந்தது.

முகாம் வாழ்க்கையில் ஒருத்திக்குத் தனியாக இருக்க இடம் கிடையாது. ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் சுகம் விசாரிப்பார்கள். ஆனால் தொழுகைப்பாயை விரித்துவிட்டால் மட்டும் அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். மாமியார் கூப்பிடமாட்டார், அழுகிற பிள்ளையையும் வேறு யாராவது தூக்கிக்கொள்வார்கள். ஒரு நாளில் ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து பத்து நிமிஷம் அவளுக்குச் சொந்தம். இருபது வருஷம் அதில்தான் பிடித்து நின்றேன் என்று பிறகொரு நாள் சொன்னாள்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பினார்கள். றஊப் மட்டும் புத்தளத்து உப்பளத்தில் மேற்பார்வை வேலையை விடாமல் இரண்டு கிழமைக்கு ஒருதடவை வந்து போனார். நசீறா பத்து ஆடு வளர்த்தாள், மகளைக் கட்டிக் கொடுத்தாள். பக்கத்து வளவில் றஊப்பின் தங்கை சபூரா. பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் கட்டி முடியாதபடியால், நோன்பு மாதத்தில் ஊர்ப் பெண்கள் கூடித் தறாவீஹ் என்னும் இரவுத் தொழுகை தொழுவது நசீறாவின் விறாந்தையில்தான். அந்த மாதம் வந்தால் அவளுக்குக் கால் நிலத்தில் படாது. பாய் போடுவதும் பிள்ளைகளை அதட்டுவதும் கஞ்சி ஊற்றுவதும் அவள்தான்.

இரண்டாயிரத்துப் பதினாலில் அவளுக்கு நாற்பத்தைந்து. வைகாசியில் தொடங்கிய தீட்டு நிற்கவில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி வந்தது. ஐந்து நாள் விட்டு இன்னும் கூடுதலாக வந்தது. உடம்பு திடீரென்று கொதித்து வேர்த்து ஊற்றும், பிறகு குளிரும். நித்திரை போய்விட்டது. அந்த ஆனியில் எங்கள் கிளினிக்குக்கு வந்தாள்.

நான் பிழை விட்ட இடம் இதுதான். "மாசாமாசம் வருதா?" என்று கேட்டேன். "வருது மிஸ்ஸி. கூட வருது" என்றாள். வெளியே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள், தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. "இந்த வயசில அப்பிடித்தான் நசீறா. எல்லாருக்கும் வாறதுதானே. கொஞ்ச நாளில தானா நிண்டிடும்" என்று சொல்லிப் பிரஷர் பார்த்து அனுப்பிவிட்டேன். கூட என்றால் எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை துணி என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்த வயது வந்தபோது நானும் வேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு கடந்தவள். மற்றவர்களும் அப்படியே கடந்துவிடுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அந்த நோன்பு மாதத்தில் இருபத்திரண்டு நாள் அவளுக்குத் தொழுகை இல்லை. தீட்டு நாட்களை முஸ்லிம் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள், தொழுகை இல்லை என்று. விறாந்தை நிறையப் பெண்கள் தொழ, அவள் குசினியில் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தாள். முதற்கிழமை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் கிழமை சபூரா கவனித்தாள். சபூராவின் கண்ணுக்குத் தப்பிய சங்கதி அந்தக் கரையில் எதுவும் கிடையாது. "மச்சி தொழுகையை விட்டிட்டா" என்று அண்ணனுக்குத் தொலைபேசியிலும், ஊருக்கு நேரிலும் சொன்னாள்.

நோன்பு முடிந்தும் ரத்தம் முடியவில்லை. மாதத்தில் நான்கைந்து நாள் நிற்கும், குளித்துத் தொழுவாள், மறுபடி கண்டுவிடும், பாயைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைப்பாள். கடைசியில் பாய் அங்கேயே கிடந்தது. அவள் அழவுமில்லை, யாரோடும் கோபிக்கவுமில்லை. மார்கழிக் கடைசியில் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. முதல் பேரன். நான்தான் கையில் கொடுத்தேன். தபால் கந்தோரில் வேறு யாருக்கோ வந்த பொதியை வாங்குவதுபோல வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பித் தந்தாள். திரும்பி வந்தவர்கள் காட்டை வெட்டிக் குடியேறினார்கள் என்று ஒரு பிரச்சினை கிளம்பி, அடுத்து வந்த மாதங்களில் கொழும்பிலிருந்து டீவிக்காரர்கள் வந்து ஊருக்குள் வாகனம் வாகனமாக நின்றார்கள். இவள் படலையிலும் ஒருவன் மைக்கை நீட்டி, திரும்பி வந்தது எப்படி இருக்கிறது என்று கேட்டானாம். "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாளாம். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கக்கேடு.

அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே யோசனை அந்த இருபத்திரண்டு நோன்புதான். விட்டதை அடுத்த நோன்பு மாதம் வருவதற்குள் பிடித்து ஈடு செய்யவேண்டும். களா என்பார்கள். தொழுகைதான் கையை விட்டுப் போய்விட்டது, நோன்பையாவது அல்லாஹ்வுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். ரத்தம் காணாத காலையாகப் பார்த்து நோன்பு பிடிப்பாள். குசினிக் கலண்டரில் அந்த நாளுக்குப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள். மத்தியானமோ பின்னேரமோ ரத்தம் கண்டுவிடும். நோன்பு முறிந்தது என்று வட்டத்துக்கு மேல் ஒரு கோடு கீறுவாள். ஆனாலும் சாப்பிடமாட்டாள். குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன என்று பொழுதுபடப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்துவிடுவாள். தீட்டு தொடங்கிய வைகாசியிலிருந்தே ரத்தம் கண்ட நாட்களுக்கு ஒரு புள்ளி வேறு வைத்து வந்தாள். சித்திரை வந்தபோது கலண்டரில் நாற்பத்துநான்கு வட்டம் இருந்தது. முப்பத்தைந்தில் கோடு விழுந்திருந்தது. அவள் கணக்குக்குத் தேறியது ஒன்பது. இன்னும் பதின்மூன்று பிடிக்கவேண்டும், நோன்பு மாதத்துக்கு இரண்டே மாதம் இருந்தது. இது ஒன்றும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பேரனுக்கு நான்காம் மாத ஊசி போட மகளோடு கிளினிக்குக்கு வந்த அன்று வாங்கிலிருந்து சரிந்து விழுந்தாள். தூக்கி இருத்திக் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. குளுக்கோஸ் கரைத்து வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்புகிறாள்.

"நோன்பு."

"சித்திரை மாசத்தில என்ன நோன்பு?"

"களா, மிஸ்ஸி."

எனக்கு விசர் வந்தது. மகளைப் பிள்ளையோடு வெளியே அனுப்பிவிட்டு, போன வருஷம் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை அன்றைக்குக் கேட்டேன். எத்தனை நாள் என்று கேட்டேன். எத்தனை துணி, கட்டி கட்டியாகப் போகிறதா என்றும் கேட்டேன். அவள் கடைக்குச் சாமான் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.  ரத்தத்தின் அளவு பார்த்தோம், பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஆறு தசம் எட்டு. அந்த அளவோடு அவள் நடந்து வந்ததே பெரிய காரியம். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன்.

"பதின்மூண்டு கிடக்கு. முடிச்சிட்டு வாறன்."

"முடிக்க முந்தி நீங்கள் முடிஞ்சிடுவீங்கள்."

"அதுக்கென்ன மிஸ்ஸி" என்றாள். மிரட்டலாகவோ துக்கமாகவோ சொல்லவில்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்டால் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். 

அன்று மாதத்தின் கடைசிச் செவ்வாய். மாதத்தில் அந்த ஒரு நாள் பக்கத்து அறையில் வசந்தமலர் இருப்பாள். உயிலங்குளத்துப் பிள்ளை, வயது இருபத்தொன்பது, பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர். இரண்டு பஸ் மாறி, சோற்றுப் பார்சலோடு வருவாள். அவளுடைய அறைக்கு முன்னால் போட்டிருக்கும் கதிரையில் யாரும் இருக்கமாட்டார்கள். அங்கே இருந்தால் ஒன்று புருஷனோடு பிரச்சினை, இல்லாவிட்டால் தலையில் பிரச்சினை என்று ஊர் முடிவு கட்டிவிடும். கதைத்து நோய் மாறுமா என்று நானே அவளைப் பகிடி பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு வேறு வழி தெரியாமல் அவளிடம் போய், "எனக்கு ஏலாது பிள்ளை, நீர் ஒருக்கால் கதைச்சுப் பாரும்" என்றேன். நசீறா மறுக்கவில்லை. மறுக்கவும் அவளிடம் பலம் இருக்கவில்லை. "மிஸ்ஸியும் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

வசந்தமலர் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. நோன்பை விடச் சொல்லவுமில்லை. கதிரையை இழுத்து நசீறாவுக்கு நேரே போடாமல் பக்கவாட்டில் போட்டு இருந்தாள்.

"மனசில இப்ப என்ன இருக்கு, அக்கா?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாதது எப்பிடி இருக்கு?"

நசீறா தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். "கை விறைச்ச மாதிரி. கை இருக்கு. ஆனா என்ர இல்லை."

"ஒரு நாளில உங்களுக்கெண்டு இருக்கிற நேரம் எது? ஆடு, அடுப்பு, பிள்ளை ஒண்டும் இல்லாமல்."

நசீறா முக்காட்டு நுனியை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். நானாக இருந்தால் அதற்குள் நாலு கேள்வி கேட்டிருப்பேன். வசந்தமலர் சும்மா இருந்தாள்.

"தொழுற நேரம்" என்றாள் நசீறா.

"இப்பவும் இருக்கா?"

"இல்லை. ஒரு வருசமா ரத்தம். இடைக்கிடை நாலு நாள் தொழுவன்."

"ரத்தம் வந்தால் ஏன் தொழக்கூடாது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு முஸ்லிம் பெண் இன்னொரு முஸ்லிம் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டாள். அவர்களோடு ஆறு வருஷம் பழகிய நானும் கேட்கமாட்டேன், கேட்கக்கூடாது என்கிற அளவுக்கு எனக்கு விஷயம் தெரியும். அதனால்தான் ஒரு வருஷமாக ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. ஒன்றும் தெரியாத இந்தப் பிள்ளை கேட்டுவிட்டது. நசீறா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"கூடாது."

"எத்தனை நாள் வந்தாலுமா? நோய் வருத்தத்தால வந்தாலுமா?"

"உம்மா அப்பிடித்தான் சொன்னவ."

"வேற ஆரிட்டையும் கேட்டுப் பாக்கேல்லையா?"

யாரிடம் கேட்பது? ஊர் மௌலவி தாவூது அவளுடைய சொந்தத் தங்கையின் மகன். அவனுக்குக் கால் கழுவிவிட்டு வளர்த்தவள் இவள். பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற ஸுஹறா ஆலிமாவுக்கு இருபத்துநான்கு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, மகளோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளிடம் போய் ரத்தக் கதை எப்படிக் கதைப்பது? இதை நசீறா இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தாள்.

வசந்தமலர் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு உங்கட மார்க்கம் தெரியாது அக்கா. தெரியாததில நான் வாய் வைக்கக்கூடாது. ஆனா படிச்ச ஒரு பொம்பிளையிட்டக் கேக்கலாம். நீங்கள் ஓம் எண்டால் நான் கேக்கிறன், பேர் சொல்லமாட்டன். நீங்கள் இதுக்குப் பதில் கேக்க உசிரோட இருக்கவேணும். அதுக்கு முதல் ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

நசீறா எழும்பினாள். நான் எவ்வளவு கத்தியும் எழும்பாதவள் எப்படி எழும்பினாள் என்று பிறகொரு நாள் கேட்டேன். "அந்தப் பிள்ளை வாயைத் திறந்து கேட்டிட்டுது மிஸ்ஸி. நானும் வாயைத் திறந்து சொல்லிட்டன். பிறகென்ன" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கான் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உட்பக்கம் தடித்திருந்தது, துண்டு எடுத்து அனுப்பினார்கள். மறுமொழி வரப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் நான்தான் நித்திரை கொள்ளவில்லை. புற்று என்று வந்தால் போன வருஷத்து என் வாய்ச்சொல்லுக்கு நான் எங்கே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது? புற்று இல்லை என்று வந்தது. தீட்டு நிற்கப்போகிற காலத்தில் உடம்பின் சுரப்புகள் தாறுமாறாகி இப்படி ஆகும், ஆனால் இவ்வளவு போனால் அதை வயது என்று விட்டுவிடக்கூடாது என்று டொக்டர் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் குறைந்தது, முற்றாக நிற்க அடுத்த வருஷமாயிற்று.

உடம்பில் ரத்தம் ஏறினால் மனதும் ஏறிவிடும் என்று நான் நினைத்தேன். ஏறவில்லை. வசந்தமலர் மாதத்தில் ஒன்றாக இருந்த வரவை மூன்றாக்கிக்கொண்டு வந்தாள். கதிரை ஊர்க்கண்ணில் படாமல் இருக்க என் மருந்தறையைக் கேட்டு வாங்கினாள். அவர்கள் அங்கே பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிக்கிறாள் என்று கேட்டாள். ஒன்பது என்று தெரிந்ததும் பின்னேரத்துக்குப் பிறகு வேண்டாம் என்றாள். உடம்பு கொதிக்கத் தொடங்கும்போது என்ன செய்கிறாள் என்று கேட்டு, மெல்லிய பருத்தித் துணி, தண்ணீர், மூச்சை மெதுவாக விடுதல் என்று சொல்லிக்கொடுத்தாள். தினம் நடக்கச் சொன்னாள். "ஆட்டுக்குப் பின்னால நடக்கிறதும் நடைதானே" என்று நசீறா கேட்டாள். அந்த நாட்களில் அவள் சொன்னதில் பகிடி என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். சொல்லும்போதும் முகம் அசையவில்லை.

ஒரு நாள் தொண்ணூறாம் ஆண்டுப் பயணத்தைச் சொன்னாள். லொறி, இரவல் சாரி, கட்டிலில்லாத கல்யாணம். சொல்லி முடித்துவிட்டு ஆட்டுக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போனாள். அழுதால்தான் சுகம் என்று நினைக்கிற கட்சி நான். "அழப் பண்ணும் பிள்ளை" என்றேன். "அழ வரும்போது அழுவா மிஸ்ஸி. என்ர வேலை அழப் பண்ணுறதில்லை" என்றாள் வசந்தமலர். எனக்கு அவளில் கொஞ்சம் பயமே வந்தது.

றஊப்பையும் ஒரு நாள் கூப்பிட்டாள். மனைவிக்குத் தன்னில் வெறுப்பு வந்துவிட்டது, தான் உப்பளத்தை விட்டு ஊரோடு வராததில் கோபம், அதனால்தான் தொழுகையையும் விட்டுவிட்டாள் என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். சபூரா ஓதி ஓதி ஏற்றி வைத்தது. நசீறா ஓம் என்று தலையாட்ட, வசந்தமலர் அவருக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். அடுத்த முறை புத்தளத்திலிருந்து ஒரு மேசை விசிறியைக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நசீறா அதைப் போட்டுவிட்டு அதற்கு முன்னால் இருந்தாள். நன்றி என்றோ நல்லது என்றோ ஒன்றும் வரவில்லை. "இன்னும் பதின்மூண்டு கிடக்கு" என்பதுதான் வந்தது. டொக்டர் நோன்பு பிடிக்கவேண்டாம் என்று தடுத்திருந்தார். அவள் பிடிக்கவில்லை, மறக்கவுமில்லை.

வைகாசிக் கடைசி. நோன்பு மாதத்துக்கு மூன்று கிழமை இருந்தது. வசந்தமலர் ஸுஹறா ஆலிமாவிடம் பெயர் சொல்லாமல்தான் கேட்டிருக்கிறாள். ஆனால் ஊரோ சின்னது, ஸுஹறாவோ கெட்டிக்காரி. பெயர் கேட்காமலே நேரே நசீறாவின் வீட்டுக்கு வந்து, வெட்கப்படாமல் எல்லாம் விசாரித்து, கலண்டர்கள் இரண்டையும், போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும், கழற்றிக்கொண்டு போனாள். புத்தளத்தில் தனக்குப் படிப்பித்த உஸ்தாத்திடம் போனில் கேட்டாளாம். மூன்றாம் நாள் பின்னேரம் கலண்டர்களோடு வந்தாள். வசந்தமலரும் நானும் அங்கே இருந்தோம். சபூராவும் எதற்கோ கறிவேப்பிலை கேட்க வந்து, கேட்டதை வாங்கியும் போகாமல் நின்றாள்.

ஸுஹறா நிலத்தில் கலண்டரை விரித்தாள். "மாமி, முந்தி ஒழுங்கா வந்த காலத்தில உங்களுக்கு ஏழு நாள். அந்த ஏழும்தான் தொழுகை இல்லாத நாள். தீட்டுக்கு ஆகக்கூடின பதினஞ்சு நாளையும் தாண்டி இப்பிடித் தொடர்ந்து வந்தது நோய் வருத்தம். வருத்தத்து ரத்தம் நோன்பை முறிக்காது. நீங்கள் கோடு கீறின நாளிலயும் பொழுதுபடும் வரைக்கும் ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப முப்பத்தஞ்சில ஒன்பதுதான் அந்த ஏழு நாள் கணக்குக்குள்ள விழுது. மற்ற இருபத்தாறும் சேரும். கோடு விழாத ஒன்பதும் இருக்கு. இருபத்திரண்டு எப்பவோ முடிஞ்சுபோச்சு மாமி."

 முடிந்துபோன நோன்பை முடிப்பதற்காக இந்தப் பெண் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து சாகப் பார்த்திருக்கிறாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சபூராவை முறைத்தேன். நசீறா கலண்டரைப் பார்த்தபடி "ம்" என்றாள். அவ்வளவுதான்.

ஸுஹறா பென்சிலை உருட்டிக்கொண்டு தயங்கினாள். "இன்னொண்டும் இருக்கு. வருத்தத்து ரத்தம் தொழுகையையும் தடுக்காது. துணி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாங்குக்கும் முகம் கை கால் கழுவி வுழூச் செய்து தொழுதிருக்கவேணும். அந்த நாளெல்லாம் தொழாமல் விட்டது இருநூறு நாளுக்குக் கிட்ட வருது. அதை ஈடு செய்யவேணும். அவசரமில்லை, மெல்ல மெல்ல."

நாளுக்கு ஐந்து, இருநூறு நாள். ஆயிரம் தொழுகை. என் பெண்ணே, இதை இன்றைக்குத்தானா சொல்லவேண்டும் என்று எனக்கு ஸுஹறாவின் வாயைப் பொத்தவேண்டும்போல இருந்தது. பதின்மூன்று நோன்புக்கே உயிரை விடப் போனவள் இந்தச் சுமையை எப்படித் தூக்குவாள்? நான் வசந்தமலரைப் பார்த்தேன். அவள் நசீறாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நசீறா கலண்டரைத் தன் பக்கம் இழுத்தாள். விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போனாள். ஆடியில், விறாந்தை நிறையப் பெண்கள் தொழுத அந்த நோன்பு மாதத்து நாளொன்றில் விரல் நின்றது.

"இதுவுமா?"

"ஓம் மாமி."

மார்கழிக் கடைசியில் மறுபடி நின்றது. "இது பேரன் பிறந்த நாள். அண்டைக்கும் எனக்குத் தொழுகை இருந்ததா?"

"இருந்தது மாமி."

"அப்ப பாங்கு சொல்லேக்க என்னையும் சேத்துத்தான் கூப்பிட்டிருக்கு."

 அவள் விரலை எடுக்காமலே சொன்னாள்: "அல்லாஹ் என்னை வேணாமெண்டு தள்ளி வச்சாச்செண்டு நினைச்சிட்டன். ஒரு வருசமா ஒவ்வொரு பாங்கையும் மற்றாக்களுக்கெண்டு கேட்டுக்கொண்டிருந்தன்."

அவள் குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது. ஒரு வருஷத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் உடைவு அது. கண்ணீர் வந்ததா என்று எனக்குத் தெரியாது, எனக்கு வந்ததில் எதிரே ஒன்றும் தெரியவில்லை.

சற்று நேரத்தில் பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். தாவூது மௌலவியின் குரல், கொஞ்சம் மூக்கால் வரும். நசீறா முழுவதையும் தலை சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும் சுவரைப் பிடித்து எழும்பி, அலுமாரிக்கு மேலிருந்து பாயை இழுத்து எடுத்தாள். தூசி கொட்டிச் சபூரா தும்மினாள். பாயைக் கொடியில் போட்டு இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிற வழியில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தேத்தண்ணி ஆறுது மிஸ்ஸி, குடிச்சுக்கொண்டு இருங்கோ. நான் குளிச்சிட்டு வாறன். எனக்குத் தொழுகை இருக்கு."